பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

கப்பலிலிருந்து இறங்கும்போது திரும்பிவர வேண்டிய நேரத்தைச் சொன்னார்கள். தாமதித்தால் கப்பல் காத்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். என் மகன் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எனக்குத் திருத்தணிக்கு வந்து நிற்கும் டூரிஸ்ட் பஸ்களின் ஞாபகம் வந்தது. திருப்பதி, திருச்சானூர், காளஹஸ்தி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சென்னை திரும்பும் வழியில் எங்கள் ஊர் மலைமேல் ஏறி நிற்பவை அவை. கிளீனர் பையன் படியில் தொங்கிக்கொண்டு சொல்வான்: "நாப்பது நிமிஷம்தான் சார். லேட் பண்ணா வண்டி போயிடும்." நாற்பது நிமிஷத்தில் பார்த்து முடிக்கப்படும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். சிறுவயதில் நாங்கள் அந்த பஸ்களிலிருந்து இறங்குகிறவர்களை ஒருவிதப் பரிதாபத்தோடு பார்ப்போம். இவர்களுக்கு என்ன தெரியும்? சரவணப் பொய்கையின் பச்சைத் தண்ணீர் வாசனை தெரியுமா? 365 படிகளில் எந்தெந்தப் படி நண்பகல் வெயிலிலும் காலைச் சுடாது என்று தெரியுமா? இப்போது விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில், அறுபத்தாறு வயதில், அந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனாக நானே நின்றேன்.

கப்பல் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்று ஓட ஆரம்பித்தது. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று இரண்டு கரைகளைத் தொட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்புவதாக ஏற்பாடு. எங்கள் பாட்டன் காலத்தில் கப்பலேறியவர்கள் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போய்ச் சேருவதற்காக ஏறினார்கள். சேர்ந்த இடத்தில் இருக்க வேண்டியிருந்தது, பலருக்குச் சாக வேண்டியும் இருந்தது. இந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுதான் அதன் காரியம். நடுவில் தின்னவும் பார்க்கவும் செய்யலாம். மகன் எடுத்த டிக்கெட். அவன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி, என் மனைவி, நான் என்று ஐந்து பேர். விசாகப்பட்டினத்தில் இறங்கினால் பார்க்கக்கூடியவை என்று கடற்கரையையும் கைலாசகிரியையும் கரையில் ஏற்றி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலையும் சொன்னார்கள். தொட்லகொண்டாவுக்குப் போகலாம் என்று கேட்டவன் நான்.

பெயருக்காகத்தான் கேட்டேன். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடி, படாஸ்கர் கோடு போட்டு, நாங்கள் சென்னை மாநிலத்துக்காரர்களானோம். எனக்கு அப்போது நான்கு வயது. ஆனால் பாட்டி கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. மனிதர்களோடு தமிழிலும் மாடுகளோடு தெலுங்கிலும் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே சொல். தொட்டி, பன்மையில் தொட்லு. தொட்லகொண்டா என்றால் தொட்டிகளின் மலை. இத்தனை எளிமையான பெயர் கொண்ட பௌத்தத் தலம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. அங்கிருந்த பிக்ஷுக்களும் அவர்கள் தத்துவமும் மறந்துபோய், அவர்கள் மழைத்தண்ணீர் பிடித்துவைத்த பாறைக் குழிகள் மட்டும் சுற்றுவட்டாரத்து மாடு மேய்ப்பவர்களின் வாயில் பெயராக நின்றிருக்கின்றன.

நகரத்திலிருந்து பீமிலி போகும் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் சுமார். கடல் மட்டத்துக்கு 128 மீட்டர் மேலே, கிழக்கே முழுக் கடல். கடற்படைத் தளத்துக்கு இடம் தேடி வானிலிருந்து ஆராய்ந்தபோது கண்ணில் பட்டதாம். 1988க்கும் 1993க்கும் இடையில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தது. மகாஸ்தூபம், சைத்தியங்கள், பிக்ஷுக்களின் அறை வரிசைகள், சாப்பாட்டுக் கூடம், பாறையில் வெட்டிய தொட்டிகள் எல்லாம் வெளியே வந்தன. சாதவாகனரின் ஈயக் காசுகளோடு ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. துறந்தவர்களின் மலையில் காசு எதற்கு என்று மருமகள் கேட்டாள். கீழே துறைமுகம் இருந்தால் மேலே துறவுக்கும் ஒரு கணக்கு உண்டு என்றேன். கப்பல்காரன் காணிக்கை போட்டுவிட்டுப் போவான். அன்றும் கப்பல் காத்திருந்திருக்காது.

வெயில் கொளுத்தியது. மனைவி நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். மகன் படம் எடுத்துக்கொண்டே நடந்தான். இடுப்பளவு உயரமுள்ள செங்கல் சுவர்களின் ஊடே போய்க்கொண்டிருந்த நான் ஓரிடத்தில் நின்றேன். ஒரு சைத்தியத்தின் அடித்தளம். முன்பக்கம் நேர்க்கோடு, பின்பக்கம் அரைவட்டமாக வளைந்து முடிகிறது. இந்த வளைவு எனக்குத் தெரியும். தூங்கானை மாடம் என்று சிற்ப நூல்காரர்கள் சொல்வது. படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற வடிவம். எங்கள் ஊரில் நந்தியாற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயில் விமானம் அந்த வடிவந்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பல்லவ வம்சத்தில் பெயர் சொல்லக்கூடிய கடைசி அரசனான அபராஜிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கட்டிய கற்றளி. அரசனே பாடிய வெண்பா ஒன்று அங்கே கல்லில் இருக்கிறது. சில வருஷங்களில் சோழன் ஆதித்தனிடம் தோற்று மறையப் போகிறவன் எழுதிய கவிதை.

தெரியும் என்றேன் அல்லவா, அது பொய். படித்துத் தெரியும். வடிவத்தைப் புத்தகப் படத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கோயிலின் பின்பக்கம் போய் அந்த வளைவைக் கையால் தொட்டுப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. சிறுவயதில் பிரதட்சிணம் பண்ணியிருப்பேன், கண்ணால் அல்ல, காலால். விசாகப்பட்டினம்வரை கப்பலில் வந்து, நேரம் குறித்துக் கொடுக்கப்பட்ட ஒரு மத்தியானத்தில், அறிமுகமில்லாத ஒரு மலையில்தான் என் ஊர்க் கோயிலின் முதுகு எனக்குக் கண்ணில் பட்டது.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், கூடவே இருப்பது கண்ணில் படாது என்பது. அது சரிதான், ஆனால் போதாது. கண்ணில் படாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று அங்கே நின்றபோது தோன்றியது. ஊர்க் கோயில் என்னைக் கேட்கிறது. விளக்குக்கு எண்ணெய், உற்சவத்துக்குப் பணம், போகாமலிருந்தால் ஏன் வரவில்லை என்ற குருக்களின் ஒரு பார்வை. அதன் முன்னால் நான் எப்போதும் கடன்காரன். கடன்காரன் கடன் கொடுத்தவனின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இடிபாடு எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் போய்விட்டார்கள். அதன் அழகு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த நிம்மதிதான். புராதன இடங்களில் குடும்பங்கள் ஏன் அத்தனை சந்தோஷமாக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லாத இடம் உலகத்தில் அதிகமில்லை.

மலைமேல் நிற்கிற பக்தனுக்கு இந்த நிம்மதி கிடையாது. அவன் ஒரு குறையோடு வருகிறான். ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு மணிக்கணக்காக நின்று, கடைசியில் சந்நிதிக்கு எதிரே தள்ளுமுள்ளில் கிடைக்கும் சில விநாடிகளில் அவன் என்ன செய்கிறான்? கண்ணை மூடிக்கொள்கிறான். சிறுவயதிலிருந்து நான் வியந்த காட்சி இது. அவன் பார்க்க வரவில்லை, பார்க்கப்பட வந்திருக்கிறான். முருகன் கண் அவன்மேல் பட்டால் போதும். கப்பலில் வந்தவனை எந்தக் கண்ணும் பார்க்க வேண்டியதில்லை. கண்ணை அகல விரித்து, கேமராவையும் விரித்து, அவன்தான் பார்க்கிறான்.

அங்கே ஒரு காவலாளி இருந்தார். ஐம்பது வயது இருக்கும். என் உடைந்த தெலுங்கில் பேச்சுக் கொடுத்தேன். தினம் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, கொடுத்துவைத்தவர் என்றேன். அவர் சிரித்தார். "நான் இதைப் பார்ப்பதில்லை, வருகிறவர்களைப் பார்க்கிறேன்" என்றார். செங்கல்லில் பெயர் கீறுகிறார்களா, ஸ்தூபத்தின்மேல் ஏறுகிறார்களா, கல்லை எடுத்துப் பையில் போடுகிறார்களா. அவருக்கு ஸ்தூபம் முதுகுப் பக்கம். நாங்கள் வந்தது ஸ்தூபத்தைப் பார்க்க; எங்களைப் பார்க்க ஸ்தூபத்துக்காக அவர். 2019ல் கனமழையில் அந்த மகாஸ்தூபத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு திரும்பக் கட்டினார்கள். இடிந்ததை இடியாமல் காப்பது என்பது விசித்திரமான உத்தியோகம். முதல் இடிவு சரித்திரம், இரண்டாவது இடிவு கவனக்குறைவு. இரண்டுக்கும் காரணம் ஒரே மழையாக இருக்கலாம்.

பேத்தி தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றிரண்டில் அடியில் பாசித் தண்ணீர். "இங்க இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க தாத்தா?" என்றாள். மகன் பதில் சொன்னான். வியாபாரம் குறைந்தது, பௌத்தம் குறைந்தது, மெள்ள மெள்ளப் போய்விட்டார்கள் என்று. அவள் விடவில்லை. "கடைசியாப் போனது யாரு? அவரு மத்தவங்களோடவே ஏன் போகல?"

யாரும் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது.

விசாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு முழுப் பகலும் கடல். கீழ்த் தளங்களில் பாட்டும் சாப்பாடும். மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன். கைவிடப்பட்ட இடம் என்று எழுதுகிறோம். சௌகரியமான வாக்கியம், கைவிட்டவர் யார் என்று சொல்லாமல் தப்பிக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் போயிருக்க மாட்டார்கள். கெட்டிக்காரர்கள் முதலில் போயிருப்பார்கள். பிறகு இளைஞர்கள். நடக்க முடியாத கிழவர் ஒருவர் மிஞ்சியிருப்பார். அவருக்காக இன்னொருவர் இருந்திருப்பார். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தவர் அந்த இன்னொருவர். சரித்திரத்துக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் என் அண்ணி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது 1988ல். இறந்தது 1994ல். அந்த ஆறு வருஷமும் அவர் திருத்தணி வீட்டில் ரேழிக் கட்டிலில் கிடந்தார். (தொட்லகொண்டாவை அகழ்ந்ததும் அதே வருஷங்களில்தான். இதில் அர்த்தம் எதுவும் இல்லை. கணக்குப் பார்த்தபோது தெரிந்தது, அவ்வளவுதான்.) அண்ணன் ஊரிலேயே வேலை, நான் சென்னையில், பெரம்பூரில். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை வண்டியில் போவேன், ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு. கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் பேச முயல்வார். எனக்குக் கண் கலங்கும். மாலை வண்டிக்குக் கிளம்பிவிடுவேன். இடையில் உள்ள இருபத்தொன்பது நாட்களில் அவரைப் புரட்டிப் போட்டது, துடைத்தது, கஞ்சி புகட்டியது, முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டது, அவர் நல்ல கையால் தட்டிவிட்ட தட்டை எடுத்து மறுபடி பிசைந்தது எல்லாம் அண்ணி. அண்ணனும் செய்தார், ஆண்கள் செய்கிற அளவுக்கு.

1992ல் ஒரு ஞாயிறு, அப்பாவின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் பதறிப்போய் அண்ணியைக் கூப்பிட்டு, கொஞ்சம் உரக்கவே கேட்டேன்: "இதைக்கூடப் பார்க்கலையா அண்ணி?" அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். தினமும் அவர் கழுவித் துடைக்கிற கால். "பார்க்க வர்றவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், தம்பி" என்றார். கோபமில்லை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இருதயம் பலவீனம் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். அப்பா இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், சின்னவன் அன்றைக்குப் பார்க்காமல் போயிருந்தால் அப்போதே முடிந்திருக்கும் என்று. நானும் நம்பினேன். என் கண் அப்பாவுக்கு இரண்டு வருஷம் கொடுத்தது. கப்பலில் அந்தப் பகலில்தான், முப்பது வருஷம் கழித்து, கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு வருஷத்தையும் செய்தது யார்? எழுநூறு நாள் சொச்சம். நான் ஒரு நிமிஷம் பார்த்தேன். அண்ணி எழுநூறு நாள் பார்த்துக்கொண்டார்.

தமிழில் இது விசேஷம். 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் கண்ணின் காரியம் கையின் காரியமாகிவிடுகிறது. அப்பாவைப் பார்த்தேன் என்பது ஒரு சம்பவம். பார்த்துக்கொண்டேன் என்பது வருஷங்கள். ஆனால் சொல்லில் தெரியாத ஒரு உண்மையை அண்ணி சொன்னார்: சேரும்போது முதல் பாதி கழன்றுபோகிறது. பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பார்க்க முடிவதில்லை. தினமும் கழுவுகிற காலில் வீக்கம் தினமும் ஒரு நூல் ஏறுகிறது. நேற்றைய காலுக்கும் இன்றைய காலுக்கும் வித்தியாசமில்லை. மாதத்துக்கொருமுறை வருகிறவன் கண்ணுக்குத்தான் அது வீக்கம். காவலாளிக்கு ஸ்தூபம் முதுகுப் பக்கம் இருப்பதும் இதனால்தான்.

ஆகவே பார்ப்பவன் மட்டம், பார்த்துக்கொள்பவர் உசத்தி என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியவில்லை. எத்தனையோ வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது என்னைத் திட்டிக்கொள்வதற்கு வசதியாக இருந்தது. தன்னைத் திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு, செலவும் இல்லை.

புதுச்சேரியில் எங்களை இறங்கவிடவில்லை. கப்பலோடு சூதாட்டமும் வந்து சேரும் என்று ஊரில் எதிர்ப்பு. அரசு அனுமதி தரவில்லை. எனக்கு ஏமாற்றந்தான். அரிக்கமேட்டைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன், துறைமுகத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம், அரியாங்குப்பத்து ஆற்றங்கரை. ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த இடம். பேத்தியைச் சமாதானப்படுத்த அதைக் கதையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது பார்வையின் கதையாகவே இருப்பது தெரிந்தது.

லெ ஜாந்தீல் என்று ஒரு பிரெஞ்சு வானசாஸ்திரி. சூரியன் முன்னால் சுக்கிரன் கடப்பதைப் பார்ப்பதற்காக 1760ல் கப்பலேறினார். 1761ல் நடந்த முதல் கடப்பின்போது நடுக்கடலில் இருந்தார், உபயோகமில்லை. அடுத்ததற்காக எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் அந்த நாள் வந்தது. மேகம் மறைத்துவிட்டது. மனிதர் பித்துப் பிடித்தவர்போல் ஆனார். 1771ல் ஊர் திரும்பியபோது செத்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் போனவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. வீராம்பட்டினத்துப் பக்கம் ஆற்றங்கரையில் ஜனங்கள் பெரிய பெரிய பழஞ்செங்கற்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ பழைய ராஜாவின் கோட்டை என்று அவர்களே சொன்னார்கள். அதை எழுதிவைத்தார். அதுதான் அரிக்கமேடு.

அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. 1937ல் சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டு வந்த கற்களைப் பார்த்துப் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அது என்ன இடம் என்று அடையாளம் கண்டார். இந்த துப்ரேய் எனக்குப் பழக்கமான பெயர். 1910களில் பல்லவர் கோயில்களைத் தேடி அலைந்தவர். எங்கள் வீரட்டானேசுவரர் கோயிலை வைத்துத்தான் அபராஜிதன் காலப் பாணி என்பதை வரையறுத்தார். ஊர்க்காரர்கள் காலால் பார்த்த கோயிலை வெளியூர்க்காரர் கண்ணால் பார்த்தார். பிறகு 1945ல் மார்ட்டிமர் வீலர் வந்து அரிக்கமேட்டை முறையாகத் தோண்டினார், 1947லிருந்து கஸால், 1989லிருந்து விமலா பெக்லி. தோண்டிய குழிகளைத் திரும்ப மூடிவிட்டார்கள். இப்போது அங்கே போகிறவர்களுக்குத் தரைக்கு மேலே தெரியும் செங்கல் சுவர் ரோமானியக் காலத்ததே அல்ல, பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டிய வீட்டின் மிச்சம். அதன் முன்னால் நின்று அகஸ்டஸ் காலத்தில் நிற்பதாக நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இறங்க விட்டிருந்தால் நாங்களும் எடுத்திருப்போம்.

பேத்தி கேட்டாள்: "செங்கல் எடுத்தவங்க என்ன ஆனாங்க?"

இந்தக் குழந்தைக்கு விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. லெ ஜாந்தீல் பார்த்தபோது அவர்கள் வீடு கட்டச் செங்கல் எடுக்கிறவர்கள். அவர்களுக்கு அது இடிபாடு அல்ல, செங்கல். அறிஞர்கள் பார்த்து, எழுதி, வேலி போட்ட பிறகு அதே காரியம் குற்றமாகிவிட்டது. இடம் மாறவில்லை, செங்கல் மாறவில்லை. ஒருவர் பார்த்தார். அந்தப் பார்வையால் அதுவரை இல்லாத ஒரு கடமை உண்டாயிற்று. அந்தக் கடமை யார் தலையில் விழுந்தது? கப்பலேறிப் போய்விட்டவர் தலையில் அல்ல. செங்கல்லை எடுக்காமலிருக்க வேண்டிய கடமை ஆற்றங்கரைக்காரனுக்கு. வெயிலில் நின்று காக்க வேண்டிய கடமை ஒரு காவலாளிக்கு.

நான் பிடிக்க முயன்ற நுனி இதுதான். பார்ப்பது கேவலமல்ல. பார்க்க வருகிறவனுக்குத்தான் தெரியும் என்று அண்ணியே சொல்லிவிட்டார். வீலரும் துப்ரேயும் வந்திருக்கத்தான் வேண்டும், நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கத்தான் வேண்டும். ஆனால் உண்மையான பார்வை எதுவானாலும் அது ஒரு கடனை எழுதுகிறது, எழுதுவது பார்த்தவன், கையெழுத்து இன்னொருவருடையது. அப்பாவின் கால் வீக்கத்தைச் சுட்டிக்காட்டிய விரல் என்னுடையது. மறுநாளிலிருந்து உப்பில்லாமல் தனிச் சமையல், வேளைக்கு மூன்று மாத்திரை, மூத்திர அளவு என்று எல்லாம் அண்ணிக்கு. அதோடு, பார்க்காமல் விட்டவர் என்ற பெயரும் அவருக்கு. பார்த்தவன் என்ற பெயர் எனக்கு. இதில் அநியாயம் நான் பார்த்ததில் இல்லை. உரக்கக் கேட்டேனே, அதில் இருக்கிறது. பார்த்துவிட்டு மாலை வண்டிக்குக் கிளம்பினேனே, அதிலும் இருக்கிறது.

இப்படியென்றால் இடிபாடுகளின் முன்னால் எனக்கிருந்த நிம்மதியும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதாகிறது. அங்கே கேட்பவர் யாருமில்லை என்று நினைத்தேன். கேட்பவர் இருந்தார், காக்கிச் சட்டையில், எனக்கு எதிரே பார்த்துக்கொண்டு. டிக்கெட் காசில் அவர் கடன் தீர்ந்துவிட்டதா? பாதி தீர்ந்திருக்கலாம். இதையெல்லாம் யோசித்துப் பயணமே போகக்கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேத்திக்கு அந்தத் தொட்டிகள் கிடைத்திருக்காது. எனக்கு அந்த வளைவு கிடைத்திருக்காது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் திருத்தணிக்குப் போனேன். அண்ணனுக்கு எழுபத்தொன்று. இருவரும் மெள்ள நடந்து நந்தியாற்றங்கரைக்குப் போனோம். கோயிலில் எங்களைத் தவிர ஒரு கிழவியும் குருக்களும். மலைமேல் ஒலிபெருக்கியில் பாட்டு, இங்கே புறாச் சத்தம். பின்பக்கம் போய் நின்றேன். கரிய கல் வளைந்து திரும்புகிறது. தொட்லகொண்டாவில் இடுப்பளவில் நின்றுபோயிருந்தது இங்கே கூரைவரை ஏறிப் போயிருந்தது. அண்ணனிடம் சொன்னேன், இந்த வடிவத்தை ஒரு பௌத்த மலையில் பார்த்தேன் என்று. அவர் விமானத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நானும் வருஷக்கணக்கா சுத்தறேன், பின்னாடி ரவுண்டா இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். அவர் இந்தக் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் வருகிறவர், எண்ணெய்க்குப் பணம் கொடுக்கிறவர்.

வீட்டுக்குத் திரும்பி, கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். பின்சுவரில், அப்பா படுத்திருந்த ரேழிக்குச் சரியாக வெளிப்பக்கம், ஒரு அரசங்கன்று. ஒரு முழ உயரம். வேர் செங்கல் இடுக்கில் இறங்கி விரிசல் கண்டிருந்தது. இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். அண்ணன் தினமும் அந்தப் பக்கந்தான் துணி உலர்த்துகிறார். வாய்வரை வந்துவிட்டது, இதைக்கூடப் பார்க்கலையா என்று. விழுங்கிக்கொண்டேன். அரிவாள் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

ஏணி வைத்து ஏறினேன். கன்று வந்துவிட்டது, வேர் உள்ளேயே முறிந்து நின்றது. எவ்வளவு சுரண்டியும் வரவில்லை. அண்ணன் கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மழை வந்தா மறுபடி துளுக்கும், விடு" என்றார். அண்ணி வெளியே வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் பெருங்காயக் கட்டி. அதை வேரில் திணித்தால் பட்டுப்போகும் என்றார். முறிந்த இடத்தில் வைத்து ஒரு குச்சியால் குத்தி அடைத்தேன். இறங்கும்போது முழங்கால் நடுங்கியது.

"பட்டுப்போச்சான்னு அடுத்த மாசம் வந்து பாக்கறேன்" என்றேன். அண்ணி பெருங்காய டப்பாவை மூடிக்கொண்டே, ராத்திரிக்கு இருப்பேனா, ஆறு மணி வண்டிக்குக் கிளம்புகிறேனா, எத்தனை பேருக்கு உலை வைக்க என்று கேட்டார்.